குந்தவையின் கார்டுக்கு நான் போட்ட டிக்

கிரெடிட் கார்டு வாங்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதன் மூலையில் இருக்கும் சின்னத்தைப் பார்ப்பதே இல்லை. வங்கியின் பெயரைப் பார்ப்பார்கள், தங்கள் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதோடு சரி. அந்த மூலைச் சின்னம்தான் நெட்வொர்க். மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு வடுவூர் வழியாகவும் போகலாம், நீடாமங்கலம் வழியாகவும் போகலாம். போய்ச் சேருகிற ஊர் ஒன்றுதான். வழியில் எந்தெந்தக் கடைத்தெரு வரும் என்பதில்தான் வித்தியாசம். வாடிக்கையாளர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவேன்.

ஐயா, கேட்டதும் வெள்ளைத்தாள் கொடுத்ததற்கு நன்றி. வாயால் சொன்னால் நான் முன்பின்னாகச் சொல்லிவிடுவேன். எழுதினால் திருத்திக்கொள்ள முடியும்.

என் பெயர் செழியன், வயது இருபத்தெட்டு. மன்னார்குடியில் ஒரு வங்கிக் கிளையில் கார்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் என்னை வங்கி ஊழியன் என்பார்கள், உண்மையில் ஒப்பந்த ஆள். படிவம் நிரப்புவது, ஆதார் நகல் வாங்குவது, புகார் வந்தால் பதிவு செய்வது என் வேலை. அதிகாரித் தேர்வுக்காக மூன்று வருடமாக மாலை வகுப்புக்குப் போகிறேன். ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், ஆறு மணி முதல் எட்டு மணி வரை. இரண்டு முறை தேர்வு எழுதித் தவறிவிட்டேன். இங்கே ஒரு திருத்தம், மூன்று முறை. முதல் முறை வயிற்றுவலியோடு எழுதியதால் அதை நான் சேர்த்துச் சொல்வதில்லை.

வகுப்பில் எங்களைப் பிழை நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். கேள்வி என்ன, நான் எழுதிய விடை என்ன, சரியான விடை என்ன, எதனால் தவறினேன். நான்கு பத்தி. மற்ற பையன்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. நாளடைவில் அதுவே என் டைரியும் ஆகிவிட்டது. நீங்கள் வீட்டிலிருந்து எடுத்து வந்த ஏழு நோட்டுகளும் அவைதான்.

இப்போது கார்டு வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் எந்த நெட்வொர்க் வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். இது விதி. நான் எல்லோரையும் கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். வடுவூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கிற இராஜாங்கம் என்கிற பெரியவர், "எனக்கென்ன தம்பி தெரியும், எதுல நல்ல வெளைச்சலோ அதுல டிக்கைப் போடு," என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர் கல்யாணராமன் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மேலே இருப்பதை என்னையே நிரப்பிக்கொள்ளச் சொல்லிப் போய்விட்டார். இருவரின் பெயரும் பின்னால் வரும்.

என் மனைவி குந்தவை திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். தேர்வை ஒரே முறை எழுதினாள், தேறினாள். அதற்காக அவள் நோட்டு எதுவும் போட்டதாகத் தெரியவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. காலை எட்டரை மணி பஸ்ஸில் போவாள். மாலை ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்குள் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்குவாள். அங்கிருந்து எங்கள் வீடு நடந்தால் பத்து நிமிடம். நான் வகுப்பு முடிந்து எட்டரைக்கு வந்து, குளித்து, பிழை நோட்டை எழுதி முடித்த பிறகு இருவருமாகச் சாப்பிடுவோம். ஒன்பதே கால் ஆகும். நான் வரும்வரை அவள் சாப்பிட மாட்டாள். நான் அப்படிச் செய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கல்யாணமான முதல் வாரத்தில் ஒருநாள் அவள் முன்னால் சாப்பிட்டிருந்தாள். அன்று எனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லிப் படுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் முதல் வாரத்தில் வீட்டுக்காரம்மா ஆனந்தவல்லி மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

"என்ன தம்பி, உங்க வீட்டம்மா இப்பல்லாம் ஏழரைக்குத்தான் வருது. தாலுகா ஆபீசுல ஓவர்டைம் போட்டுட்டாங்களா?"

"பஸ் லேட்டும்மா."

"பஸ்ஸு எங்க லேட்டு? எதுத்த வீட்டு வாத்தியாரு அதே பஸ்லதான் வர்றாரு. ஏழு அஞ்சுக்கு வந்து கைகால் கழுவி காப்பியே குடிச்சிடுறாரு." பிறகு சிரித்தார். "வயசுப் பொண்ணு, கடை கண்ணி பாத்துட்டு வரும். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

மனதில் வைத்துக்கொள்ளாதே என்று அவர் சொல்லும்வரை அது என் மனதில் இல்லை.

அன்றிரவு சாப்பிடும்போது குந்தவையிடம் கேட்டேன். "குறுவை அறுப்பு நடக்குதுல்லங்க," என்றாள். "கோட்டூர் தாண்டி ரோடு பூரா நெல்லைக் காயப் போட்டிருக்காங்க. பஸ்ஸு ஊந்துக்கிட்டு வருது." அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கோட்டூர் தாண்டிப் போய்ப் பார்த்தேன். நெல் காய்ந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் சாலையின் ஒரு பாதியில்தான். பஸ் தாராளமாகப் போனது. திரும்பி வந்து நோட்டில் எழுதினேன். கேள்வி, ஏன் தாமதம். அவள் சொன்ன விடை, நெல். சரியான விடை என்ற பத்தியைக் காலியாக விட்டேன்.

அவள் போனை நான் எடுத்துப் பார்ப்பதில்லை. அது நாகரிகம் இல்லை.

அந்த மாதம் அவள் கிரெடிட் கார்டு காலாவதியானது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது, வெளிநாட்டு நெட்வொர்க். ஜவுளிக்கடையிலும் ஆன்லைனிலும் மட்டும் பயன்படுத்துவாள். சின்னக் கடைகளில் போனை நீட்டி ஸ்கேன் செய்வாள். அந்தப் பணம் அவள் சம்பளக் கணக்கிலிருந்து போகும், அதற்கான தகவல் அவள் போனுக்கு மட்டும் வரும். நம் நாட்டு நெட்வொர்க்கில் கார்டு வாங்கினால் அதையே யூபிஐயில் இணைத்துக்கொள்ளலாம். பெட்டிக்கடையில் ஸ்கேன் செய்தாலும் கார்டில் ஏறும். புதுப்பிக்கும் படிவத்தை வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்ங்க?" என்று கேட்டாள். விளக்கினேன்.

"பெட்டிக்கடையிலகூடவா?"

"பெட்டிக்கடையிலகூட. சம்பளக் காசுல கை வைக்க வேணாம். பாயிண்ட் வேற சேரும்."

"சேந்தா என்ன குடுப்பாங்க, குக்கரா?"

"குக்கர் வாங்கலாம்."

"ஏற்கெனவே கல்யாணத்துக்கு வந்த ரெண்டு குக்கர் பரண்ல கெடக்கு. மூணாவதை வச்சு நான் ஓட்டலா போடப்போறேன்?" சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "நீங்களே டிக் பண்ணி விடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

நான் டிக் செய்தேன். படிவத்தில் மின்னஞ்சல் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என் முகவரியை எழுதினேன். அவள் மின்னஞ்சலை அவள் மாதத்துக்கு ஒருமுறைகூடத் திறப்பதில்லை. முக்கியமான தகவல் வந்தால் வீட்டில் ஒருவராவது பார்க்க வேண்டும் அல்லவா? கார்டு வந்த அன்றே அவள் போனில் இணைத்து, ஸ்கேன் செய்தால் முதலில் அந்தக் கார்டு வரும்படி வைத்துக் கொடுத்தேன். நன்றி சொன்னாள்.

செப்டம்பர் பதினேழு, புதன்கிழமை. வகுப்பில் வட்டிக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, வங்கியின் மின்னஞ்சல். மணி ஏழு பதினேழு. குந்தவையின் கார்டிலிருந்து ஜெக்கரியா என்ற பெயருக்குப் பணம் போயிருந்தது. ஒரு சாப்பாட்டுக்குக்கூடக் காணாத தொகை. தொகையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் உறவிலோ அவள் ஆபீசிலோ அந்தப் பெயரில் யாரும் இல்லை.

மறுநாள் ஏழு பத்தொன்பது. மூன்றாம் நாள் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு மிகக் கஷ்டமான நாள். இரண்டு மணி நேரமும் போன் அதிருமா என்று காத்திருந்தேன். பலகையில் என்ன எழுதினார்கள் என்றே தெரியவில்லை.

அக்டோபர் எட்டு வரை பதினான்கு வேலை நாட்கள். அதில் ஒன்பது நாள் அந்தப் பெயர் வந்தது. மருந்துக்கடைக்குப் போனால் வீட்டில் சொல்வாள். மிட்டாய்க்கடை, வளையல் கடை எல்லாம் சொல்வாள். ஜெக்கரியாவைப் பற்றி மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. "இன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல யாரையாவது பாத்தியா?" என்று ஒருமுறை கேட்டேன். "யாரைப் பாக்கப்போறேன், கண்டக்டரைத்தான்," என்றாள்.

அந்த மூன்று வாரத்தில் அவனை எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. உயரமானவன். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடுவான். அவசரப்படாமல் பேசுவான். எழுதிய தேர்விலெல்லாம் முதல் முறையே தேறியவன். குந்தவை அவனிடம் என்னைப் பற்றி என்ன சொல்வாள் என்றுகூட எழுதிவைத்திருக்கிறேன், நான்காவது நோட்டில் பார்க்கலாம். திருத்தம், ஐந்தாவது நோட்டு.

அக்டோபர் பதினொன்று இரண்டாம் சனிக்கிழமை. வங்கிக்கு விடுமுறை. குந்தவை துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே உட்கார்ந்து, அக்டோபர் எட்டு வரை ஜெக்கரியாவுக்குப் போன ஒன்பது தொகையும் தன் அனுமதி இல்லாமல் எடுக்கப்பட்டவை என்று குந்தவை பெயரில் புகார் எழுதினேன். வங்கிக்கு ஒன்று, சைபர் பிரிவுக்கு ஒன்று. எழுதி முடித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. என் வேலையில் எனக்கு எப்போதும் சந்தேகம் வரும். ஒருவர் மட்டும் புகார் கொடுத்தால் கணக்கை முடக்காமல் விட்டுவிடலாம். ஆகவே இராஜாங்கம், கல்யாணராமன் இருவர் பெயரிலும் ஒவ்வொரு புகார் சேர்த்தேன். அவர்களும் நான் டிக் போட்டுக் கொடுத்த கார்டில் அந்தப் பெயருக்கு ஒன்றிரண்டு முறை பணம் கட்டியிருந்தார்கள். அவர்களுடைய விவரங்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிட்டது. பிறகு மாடியில் குந்தவையோடு சேர்ந்து புடவைகளைக் காயப்போட்டேன்.

புகார் கொடுத்தால் பழைய கார்டு நிறுத்தப்படும், புதிது வரும். புதிதுக்கும் நெட்வொர்க் கேட்பார்கள். இந்த முறை வெளிநாட்டு நெட்வொர்க்குக்கு டிக் போட்டேன். அந்த வழியில் பெட்டிக்கடைகள் வராது. கார்டில் ஏதோ கோளாறு, மாற்றித் தருகிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். "இந்த மூலைச் சின்னம் மறுபடி பழையபடி ஆயிடுமா? அப்ப என் குக்கர் போச்சு," என்றாள்.

பதினான்காம் தேதி ஜெக்கரியாவின் கணக்கு முடக்கப்பட்டது. பதினைந்தாம் தேதி காலை பத்தே முக்காலுக்கு அவர் என் மேசைக்கு வந்தார்.

அறுபதை நெருங்கியவர். குள்ளம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். செருப்பை வங்கிக்கு வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டு வாசலில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறவர் என்று சொன்னார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, என் அக்கவுண்டை நிப்பாட்டிப்புட்டாங்க. மூணு பேரு என்மேல புகார் குடுத்திருக்காங்களாம். யாருன்னும் தெரியல, என்ன பண்ணுனேன்னும் தெரியல."

"கணக்குல பணம் இருக்கா?"

"என் காசு மட்டும்னா பரவால்ல தம்பி. பக்கத்துல ஆப்பம் போடுற மங்களாம்பிகை, பூ விக்கிற பொண்ணு, கொய்யாப்பழக்காரரு, மூணு பேருக்கும் என் ஸ்டிக்கருதான். அவங்ககிட்ட பட்டன் போனு. வர்றவங்க ஸ்கேன் பண்ணுனா என் பேருல விழும், பொழுதுபோனா எண்ணிக் குடுத்துருவேன். தீவாளிக்குத் துணி எடுக்கணும், கையில இருந்தா செலவாயிரும்னு ஒரு மாசமா வாங்காம என்கிட்டயே விட்டு வச்சிருக்காங்க. இன்னும் அஞ்சு நாளுதான் இருக்கு."

பிறகு என் மேசையில் இருந்த பெயர்ப்பலகையைப் படித்தார். "நீங்க குந்தவை பாப்பாவோட வீட்டுக்காரருங்களா?" முகம் மலர்ந்துவிட்டது. "தாலுகா ஆபீசுல இருக்கே, அந்தப் பாப்பா. மங்களாம்பிகைகிட்ட ஆப்பம் திங்க வரும். எங்க வீட்டுக்காரரு பேங்குல இருக்காரு, அடுத்த வருசம் ஆபீசரு ஆயிருவாருன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அல்லா பாத்து நம்ம ஆளுகிட்டயே அனுப்பி விட்டுட்டான்."

மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு. ஸ்டிக்கரைப் பகிர்ந்துகொள்ளும் விஷயத்தைத் தெளிவாக எழுதி, மூன்று பேரின் பெயரையும் சேர்த்து, தேதி வரிசை பிசகாமல் அமைத்திருந்தேன். அந்த மனு மேலே போயிருந்தால் கணக்கு திறந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஏழு வேலை நாள் ஆகும் என்றேன். இரண்டு கைகளையும் கூப்பினார். அவர் வெளியே போய்ச் செருப்பை மாட்டும்வரை பார்த்துவிட்டு, மனுவை இழுப்பறையில் வைத்தேன். அன்று வேலை நெருக்கடி, மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அன்று என் மேசைக்கு வந்தவர் அவர் ஒருவர்தான்.

தீபாவளிக்கு முன்னால் இன்னொரு முறை வந்தார், பின்னால் ஒரு முறை. ஏழு நாள் என்பது வேலை நாள், நடுவில் விடுமுறை வந்துவிட்டது என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தன் மொபெட்டை விற்றுப் பழக்காரருக்கும் பூக்காரப் பெண்ணுக்கும் பாதி கொடுத்திருந்தாராம். மங்களாம்பிகைக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை. தீபாவளிக்கு முதல்நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே மங்களாம்பிகை அவர் சட்டையைப் பிடித்ததைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

"எம் புள்ளைங்க நாளைக்குப் பழந்துணியக் கட்டிக்கிட்டு நிக்கப்போவுதுங்க. எங்க காசை எங்கய்யா வச்சிருக்கே? உன்னை அண்ணன்னு நெனச்சுத்தானே குடுத்து வச்சேன்?"

போலீஸ் கேஸ் உள்ள ஆள் என்று அதற்குள் கடைத்தெரு முழுவதும் பேச்சாகியிருந்தது. அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது, பாமணி ஆறு கரை தொட்டு ஓடியது. இருபத்து நான்காம் தேதி காலையில் மதகுக் கம்பியில் அவரைக் கண்டெடுத்தார்கள். செருப்பைக் கரையில் ஜோடியாக விட்டிருந்தார்.

குந்தவை அன்று ஆபீசுக்குப் போகவில்லை. நான் மாலையில் வந்தபோது விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். பஸ் விட்டு இறங்கியதும் பசி தாங்காது, மங்களாம்பிகை அக்காவிடம் ஆப்பம் தின்பேன், பக்கத்துக் கடை ஜெக்கரியா அண்ணன் தன் கடை ஸ்டூலைத் தூக்கிப் போட்டு உட்காரச் சொல்வார் என்றாள். "உங்ககிட்ட சொல்லலைங்க. நான் முன்னாடியே தின்னா உங்களுக்குப் பிடிக்காதுன்னு நெல்லு மேல பழியைப் போட்டேன்," என்றாள். என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். நான் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். கல்யாணமானதிலிருந்து அவள் எனக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தது அன்றுதான் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அது உண்மை, அதில் திருத்தம் இல்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். இராஜாங்கத்தையும் கல்யாணராமன் சாரையும் விசாரித்தீர்கள். இருவரும் தாங்கள் புகாரே கொடுக்கவில்லை என்றார்கள். மூன்றாவது புகாருக்காகக் குந்தவையை இங்கே அழைத்து, அவள் பெயரில் இருந்த தாளை அவள் கையில் கொடுத்தீர்கள். அவள் இரண்டு முறை படித்தாள். அந்த எழுத்து நடை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கீழே மின்னஞ்சல் முகவரியும் என்னுடையதுதான்.

என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லங்க," என்றாள். பிறகு உங்களிடம், "யாரோ ஆம்பளைன்னு நெனச்சுட்டாரு சார். தப்பாப் புரிஞ்சுக்கிட்டுப் பண்ணிட்டாரு," என்றாள். அன்று மாலையே நாகப்பட்டினத்தில் இருக்கிற அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நீங்களும் நல்ல மனிதர். நேற்று தட்டச்சு செய்து கொடுத்த தாளில், மனைவியின் நடத்தைமீது கொண்ட தவறான சந்தேகத்தால் இதைச் செய்தேன் என்று போட்டிருக்கிறீர்கள். அப்படி இருந்தால் எனக்குத் தண்டனை கொஞ்சம் குறையும் என்று ஏட்டையாவும் சொன்னார். ராத்திரி முழுவதும் யோசித்தேன். பிழையான விடையைச் சரி என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த வெள்ளைத்தாளைக் கேட்டேன்.

முதலாவது, அந்தக் கார்டை யூபிஐயில் ஸ்கேன் செய்தால் பணம் கடைக் கணக்குக்குத்தான் போகும். தனி ஆளுக்குப் போகாது. இதை நாளுக்கு நான்கு பேருக்கு விளக்குவது என் வேலை. முதல் மின்னஞ்சல் வந்தபோதே ஜெக்கரியா என்பது ஒரு கடையின் பெயர் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவனுக்கு உயரம் கொடுத்தேன், சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

இரண்டாவது, அக்டோபர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, நான் வகுப்புக்குப் போகவில்லை. வருகைப் பதிவேட்டில் பார்க்கலாம். ஆறரை மணியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வாசலில், புறப்படாமல் நின்றிருந்த ஒரு டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றேன். ஏழு மணிக்குக் குந்தவை வந்தாள். ஆப்பக் கடை பத்தடி தூரம்தான். எல்லாம் காதில் விழுந்தது.

ஆப்பம் ஊற்றுகிறவள் நாற்பது வயதுப் பெண். குந்தவையைப் பார்த்ததும் கேட்காமலே தட்டில் வைத்தாள். குந்தவை நின்றபடியே பிய்த்து வாயில் போட்டாள்.

"மெதுவாத் தின்னுடி. யாரும் புடுங்கிட்டுப் போகல."

"கொலைப் பசிக்கா. ஒரு மணிக்குத் தின்ன தயிர்சாதம்."

"வீட்டுக்குப் போயித் தின்னா என்னவாம்?"

"அவர் வரணும்ல. ஒம்பது மணி தாண்டிடும்."

"அதுவரைக்கும் பட்டினியா? நீ கல்யாணம் கட்டிக்கிட்டியா, விரதம் எடுத்துக்கிட்டியா?"

குந்தவை சிரித்தாள். வாய் நிறைய ஆப்பம். புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பக்கத்துக் கடையிலிருந்து கண்ணாடி போட்ட பெரியவர் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். "காசு மட்டும் என் பேருல விழுது, ஆப்பம் ஒண்ணுகூட இந்தப் பக்கம் வர மாட்டேங்குது," என்றார். "பாத்தியா பாப்பா, ஸ்டிக்கருக்கு வாடகை கேக்குறாரு," என்று அந்தப் பெண் ஒன்றை அவர் பக்கம் நீட்டினாள். குந்தவை இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். மொத்தம் நான்கு. பிறகு போனை நீட்டி ஸ்கேன் செய்தாள். என் சட்டைப்பை அதிர்ந்தது.

அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெரியும். காதலன் யாரும் இல்லை என்று தெரியும். ஸ்டிக்கர் யாருடையது, காசு யாருடையது என்று தெரியும். வீட்டுக்குப் போய் ஒன்பதே காலுக்கு அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் பசியில்லாமல் இரண்டு தோசையைத் தின்றாள். இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை புகார்களை எழுதினேன்.

எதனால் என்ற பத்தியையும் நிரப்பிவிடுகிறேன். அவளுக்கு ஒரு ஆண் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவனோடு என்னை ஒப்பிட்டு, எங்கே தவறினேன் என்று எழுதி, முன்னேறியிருப்பேன். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு ஸ்டூலும் நான்கு ஆப்பமும்தான். பசித்தபோது தின்றாள், தின்றதும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் எங்குமே இல்லை. அவளுக்குத் தெரிந்த சிரிப்பெல்லாம் எனக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கடை அங்கே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். கார்டை மட்டும் மாற்றினால் போதாது, அவள் கையில் சில்லறை இருக்கும். கடையை எடுக்க வழி பார்த்தேன். ஸ்டிக்கர் வழியாகத்தான் அதை எடுக்க முடிந்தது. பெரியவர் அதற்கு நடுவில் இருந்தார்.

ஆகவே ஐயா, அந்தத் தாளில் மூன்றாவது வரியில் "தவறான சந்தேகத்தால்" என்பதை அடித்துவிட்டு "தெரிந்தே" என்று எழுதிவிடுங்கள். அடித்த இடத்தின் ஓரத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்திய பிரதியில் ஒன்றை நாகப்பட்டினத்துக்குக் குந்தவைக்கு அனுப்ப முடியுமானால் நல்லது. அவளிடம் எதையும் மறைக்காதவன் நான் என்பது இதைப் படித்தால் அவளுக்குப் புரிந்துவிடும். புரிந்தால் வந்துவிடுவாள்.